முனியாண்டி கல்லுக்கு இந்தப் பக்கம்

மலேசியத் தொழிலாளர் இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ பெரிய பதவிக்குப் போயிருப்பேன். ஓய்வு பெற்ற அன்று எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அது பேட்டரி தீர்ந்து சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. என்னிடம் இன்னும் ஓடுவது வாய் ஒன்றுதான், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பிரிவுகளை நான் சொல்லப்போவதில்லை. அவற்றைப் பயிற்சியில் உங்களுக்குப் புகட்டியிருப்பார்கள். கட்டாய உழைப்புக்கு ஆளானவரை எப்படி அடையாளம் காண்பது என்று ஒரு தாளும் கொடுத்திருப்பார்கள். நல்ல தாள்தான், நானும் அதை வைத்துத்தான் வேலை பார்த்தேன். பூட்டிய கதவு, பறித்த பாஸ்போர்ட், அடி, மிரட்டல், தீராத கடன் என்று எல்லாம் அதில் இருக்கும். தாளை எழுதியவர்கள் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில், பிறந்தவர்கள் இல்லை. நான் அங்கே பிறந்தவள். நம் ஆட்கள் ஒருவரை எப்படிக் கட்டி வைப்பார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். கோலா தெர்லா பக்கம் ஒரு காய்கறித் தோட்டத்துக்குச் சோதனைக்குப் போனோம். தலைமை தாங்கியவர் அனுபவசாலி, நல்ல மனிதர். ஆனால் அன்று வண்டிகளை வரிசையாக, கல்யாண ஊர்வலம் மாதிரி கொண்டுபோனார். எதிரே வந்த லோரிக்காரர்கள் எங்களைப் பார்த்ததுமே மேலே போன் போட்டுவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தொழிலாளர்கள் துவைத்த சட்டையோடு வரிசையில் நின்றார்கள். அவர்கள் மொழி எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்து மேற்பார்வையாளர் தானே முன்வந்து மொழிபெயர்த்தார். "உங்களை இங்கே யாராவது அடிக்கிறார்களா?" என்று எங்கள் ஆள் கேட்க, அந்த மேற்பார்வையாளர் வாயாலேயே அந்தக் கேள்வி போயிற்று. அத்தனை பேரும் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். நாங்கள் திரும்பி வந்துவிட்டோம். இது பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளரை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், வண்டியைக் கீழேயே நிறுத்திவிட்டு நடங்கள்.

இனி சின்னராசு கதைக்கு வருகிறேன். என் சர்வீஸில் எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டேன்.

ஒருநாள் அலுவலகத்துக்கு ஒரு பெண் போன் செய்தார். பேர் சொல்லவில்லை. "கியா பார்மைத் தாண்டி ஒரு சின்னத் தேயிலத் தோட்டம் இருக்கு மேடம். நாங்க அங்க சாமி கும்பிடப் போனோம். லயத்துல ஒரு பையன் கை அழுகுது. யாரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவ்வளவுதான் தகவல்.

அந்தத் தோட்டத்தில் கொழுந்து வெட்டும் வேலையை ஒரு காண்ட்ராக்டர் எடுத்திருந்தார். அவரே தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்து தங்க வைத்து வேலை வாங்குவார். மலையில் எல்லோரும் அவரைக் கங்காணி என்றுதான் கூப்பிட்டார்கள், அவருக்கும் அது பிடித்திருந்தது. கோயில் கமிட்டியில் பெரிய ஆள். திருவிழாவில் மைக் அவர் கையில்தான் இருக்கும். நான் இன்னார் மகள், இன்ன லயத்துப் பெண் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

நானும் ஓர் இளம் அதிகாரியும் போனோம். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து ஆட்கள் மலைக்குப் போயிருந்தார்கள். கங்காணி வாசலிலேயே எதிர்கொண்டார்.

"என்னா தங்கச்சி, பெரிய மேடமா ஆனதும் நம்ம பக்கமே வர்றதில்ல. உள்ள வாங்க லா, தே குடிக்கலாம்."

"தே அப்புறம் குடிக்கலாம் அண்ணே. கையில அடிபட்ட பையன் யாரு?"

அவர் முகம் மாறவே இல்லை. "சின்னராசுவா? வெட்டுற மெஷின்ல எல சிக்கிருச்சு, நிறுத்தாம கைய விட்டுட்டான். சொன்னா கேக்குற ஆளா அவன்? வாங்க, நீங்களே பாருங்க. ஒளிக்க என்னா இருக்கு?"

உண்மையில் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை. லயத்து அறைக் கதவில் பூட்டே கிடையாது. சின்னராசு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முப்பதைத் தாண்டாத வயது, புதுக்கோட்டைப் பக்கம் ஊர். வலது கையில் பழைய வேட்டித் துணி, மேலே மஞ்சள் பற்று. துணிக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கி நிறம் மாறியிருந்தன. அந்த நாற்றத்தை நான் எழுதப்போவதில்லை. இடது பக்கம் போன் இருந்தது. பாஸ்போர்ட் கேட்டதும் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். விசா காலாவதியாகியிருந்தது, கங்காணி புதுப்பிக்கவில்லை. சம்பளத்தை ஊருக்குப் போகும்போது மொத்தமாகத் தருவதாகச் சொல்லித் தன்னிடமே வைத்திருந்தார்.

"பாஸ்போர்ட்டப் புடிச்சு வச்சா குத்தம்னு எனக்குத் தெரியாதா தங்கச்சி?" என்றார் கங்காணி. "பசங்க நம்ம புள்ளைங்க மாரி. எங்க வேணாலும் போலாம், வரலாம்."

இளம் அதிகாரி ஆளைத் தனியாகக் கூட்டிப்போய்க் கேட்டார். யாரும் அடைத்து வைக்கவில்லை என்றார் சின்னராசு. அடிக்கவில்லை என்றார். போக விருப்பமா என்றால் வேலை முடியட்டும் என்றார். இளம் அதிகாரி என்னிடம் வந்து மெல்லச் சொன்னார்: "கட்டுப்படுத்தல் எதுவும் இல்லை, அக்கா. சம்பளப் புகாராகவும் விசாப் பிரச்சினையாகவும்தான் பதிய முடியும்."

அதன் அர்த்தம் உங்களுக்குப் புரிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் என்று நாம் அடையாளம் கண்டால் சின்னராசுக்கு ஆஸ்பத்திரி, பாதுகாப்பு இல்லம், வழக்கு, மரியாதையாக ஊர் திரும்பும் வழி எல்லாம் உண்டு. அடையாளம் காணத் தவறினால் அவர் விசா இல்லாத வெளிநாட்டுக்காரர், வேறொன்றும் இல்லை. அவரைப் பிடிப்பார்கள், குற்றவாளியாக நிறுத்துவார்கள், அனுப்பிவிடுவார்கள். கங்காணி அடுத்த விமானத்தில் வேறொரு சின்னராசை இறக்கிக்கொள்வார்.

நான் சொன்னேன்: "சரி, அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வருவோம் தம்பி. நானே கூட்டிட்டுப் போறேன்."

"தாராளமா கூட்டிட்டுப் போங்க" என்றார் கங்காணி. எனக்கு அப்போதுதான் முதல் சந்தேகம். இத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பாதவர் இவ்வளவு சுலபமாக அனுப்புவாரா?

சின்னராசு எழுந்து வந்தார். லயத்தின் முன்னால் ஒரு மண் பாதை. அது தேயிலைக்குள் புகுந்து கீழே ரோட்டுக்கு இறங்கும். லயம் முடிந்து தேயிலை தொடங்குகிற இடத்தில் முனியாண்டி கல். மஞ்சள் துணி கட்டி, சூலம் நட்டு, முன்னால் சூடம் கொளுத்திக் கறுத்த ஒரு தட்டைக் கல். நான் முன்னால் நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆள் இல்லை. முனியாண்டி கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். வலியில் முகமெல்லாம் வியர்வை. ஆனால் கல்லைத் தாண்டவில்லை.

"வாப்பா."

"வேணாங்கம்மா. கை தன்னால ஆறிப்போயிரும்."

மேலே வாசலில் கங்காணி கை கட்டி நின்றார். "பாத்தீங்களா தங்கச்சி? நானா தடுக்கறேன்?"

கங்காணியைப் பார்த்தேன், கல்லைப் பார்த்தேன், எனக்குப் பிடிபட்டுவிட்டது. நான் வளர்ந்த லயத்திலும் இதே மாதிரி ஒரு கல் உண்டு. குடியை விட வேண்டிய ஆண்களை அவர்கள் மனைவிமார் அங்கேதான் இழுத்து வருவார்கள். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்ய வைப்பார்கள். பாதிப் பேர் மறுவாரமே குடித்தார்கள், அது வேறு கதை. ஆனால் பிள்ளை பேரில் சூடம் அணைத்தவன் மட்டும் தொட மாட்டான். செத்தாலும் தொட மாட்டான்.

நான் திரும்பிப் போய் சின்னராசு பக்கத்தில் நின்று, கங்காணிக்குக் கேட்காதபடி கேட்டேன். "சூடம் அணைச்சியா தம்பி?"

அவர் கண் நிறைந்துவிட்டது.

"யார் பேர்ல?"

"பாப்பா பேர்லங்கம்மா." வார்த்தை மூச்சாகத்தான் வந்தது. "வந்து எறங்குன அன்னிக்கே எல்லாரையும் கூட்டியாந்து அணைக்கச் சொன்னாங்க. மொதலாளி போன்னு சொல்ற வரைக்கும் கல்லத் தாண்டிப் போவக்கூடாது, வெளிய எதுவும் சொல்லக்கூடாதுன்னு. எம்புள்ள பேரு கேட்டு, அதச் சொல்லிதான் அணைக்க வச்சாங்க. இப்ப நீங்க வந்தப்ப, மொதலாளி உங்ககிட்டதான் கூட்டிட்டுப் போங்கன்னாரு. என்னப் பாத்துப் போன்னு சொல்லலைங்கம்மா."

அவர் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பெயர் யாழினி. ஊரில் அம்மாவோடு இருந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஓர் அடி கொடுக்காமல், ஒரு பூட்டு வாங்காமல், நான் கும்பிடுகிற சாமியையே காவலுக்கு நிறுத்தியிருக்கிறார் மனுஷன். நான் அங்கேயே சண்டை போட்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். அதனால் வாயை அடக்கிக்கொண்டு என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

அவர் மலாய்க்காரர். துவான் என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேச மாட்டார், பேசினால் வீணாகப் பேச மாட்டார். நான் மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு திறந்திருக்கிறது, பாஸ்போர்ட் கையில் இருக்கிறது, ஆள் மறுக்கிறார், ஆனால் இப்படி ஒரு சத்தியம் இருக்கிறது என்றேன். இதைத் தாளில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் கேட்டேன்.

"அந்தச் சத்தியத்தை அவர் நம்புகிறாரா?" என்று கேட்டார்.

"நம்புகிறார், துவான்."

"முதலாளிக்கு அது தெரியுமா?"

"தெரிந்துதான் செய்திருக்கிறார்."

"அப்படியானால் அது மிரட்டல்தான். பிள்ளையின் உயிரைக் காட்டி மிரட்டியிருக்கிறார். நியாயமான சந்தேகம் இருந்தால் ஆளைப் பாதுகாப்பில் எடுக்க உனக்கு அதிகாரம் உண்டு. அவர் சம்மதத்துக்குக் காத்திருந்தால் கை போய்விடும். எடுத்துக்கொண்டு வா. நாளைக்கு மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு கேட்போம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனால் கடவுள் சார்பில் நீ எந்த வாக்கும் கொடுக்காதே. நீ அரசாங்கத்து ஆள்."

பிள்ளைகளே, துவான் சொன்ன முதல் பாதியை எழுத்துக்கு எழுத்து செய்தேன். இரண்டாவது பாதியில்தான் கொஞ்சம் இடறினேன். அதற்காக அவர் பிறகு என்னைத் திட்டினார். இன்றும் அந்த விஷயத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

நான் சின்னராசிடம் போய்ச் சொன்னேன்: "தம்பி, நீ போகல. நான் கூட்டிட்டுப் போறேன். இது கவர்மெண்டு உத்தரவு. உன் விருப்பத்த நான் கேக்கல. நீ மறுத்தாலும் கூட்டிட்டுத்தான் போவேன்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "அப்ப பாவம்?"

"எனக்கு" என்றேன்.

இளம் அதிகாரி ஒரு பக்கம் தோளைப் பிடிக்க, நான் இன்னொரு பக்கம் பிடித்துக்கொள்ள, சின்னராசைக் கல்லுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தோம். கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் வந்தார். மேலே கங்காணி முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "சாமி சத்தியத்துல கைய வைக்கிறீங்க தங்கச்சி. உங்க வீட்லயும் பொண்ணு இருக்கு." நான் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தியம் இருக்கிறது என்பது அவர் வாயாலேயே வந்தது. அதை இளம் அதிகாரியும் கேட்டார். பிறகு கோர்ட்டில் அது எங்களுக்குப் பயன்பட்டது.

கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கூட்டத்தால் ரோடு அடைத்துக் கிடந்தது. சுற்றுலாக்காரர்கள் ஐஸ்கிரீமோடு போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, எங்கள் வண்டிக்குள் ஒரு மனிதர் பின்கண்ணாடி வழியாக மலையையே பார்த்துக்கொண்டு மகள் பெயரை முணுமுணுத்தபடி வந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்னும் தாமதித்திருந்தால் கையே போயிருக்கும் என்றார் டாக்டர். நான் வராந்தாவில் நின்று கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்த என் மகளுக்குப் போன் போட்டேன். "சாப்டியா?" என்றேன். "என்னம்மா, இந்நேரத்துல?" என்றாள். ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன். எனக்குப் பயம் இருந்தது. அதை மறைப்பதில் அர்த்தம் இல்லை.

மாஜிஸ்திரேட் இடைக்கால உத்தரவு கொடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து சின்னராசு பாதுகாப்பு இல்லத்துக்குப் போனார். ஆளைக் காப்பாற்றியாகிவிட்டது என்று கோப்பைக் கட்டி வைப்பது நம் இலாகாக்காரர்களுக்குப் பிடித்த வேலை. இங்கேதான் பாதி வேலையே தொடங்குகிறது. நான் பார்க்கப் போன முதல் நாள் சின்னராசு இல்லத்து வாசலைக் காட்டினார். பெரிய இரும்புக் கேட், அதில் பெரிய பூட்டு.

"அங்க பூட்டு இல்லைங்கம்மா. இங்க இருக்கு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் ஊரில் யாழினிக்குக் காய்ச்சல். இல்லத்துப் போனில் மனைவி சொல்ல, சின்னராசு சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். "என்னக் கொண்டுபோய் மறுபடி அந்தக் கல்லுகிட்டயே விட்டுருங்க. நான் வழக்கு ஒண்ணும் சொல்லல. புள்ள பொழச்சாப் போதும்" என்று அழுதார். இல்லத்துக்காரர்கள் என்னை வரச்சொன்னார்கள். ஒரு நல்ல அதிகாரி அவரிடம் அறிவியல் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல் கிருமியால் வருவது, சத்தியத்தால் வருவதல்ல என்று. பிள்ளை காய்ச்சலில் கிடக்கிற தகப்பனிடம் அது எடுபடுமா?

நான் வாதாடவில்லை. "திரும்பிப் போகணும்னா சொல்லு, அதப் பத்தி நாளைக்குப் பேசுவோம். இன்னிக்குப் பாப்பாவப் பாப்போம்" என்றேன். இல்லத்தில் கைப்போனுக்கு அனுமதி கிடையாது. துவானிடம் போய் உட்கார்ந்தேன். விதி விதி என்று யாரோ இழுத்தார்கள். துவான் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சாட்சி நமக்குக் கைதி இல்லை" என்றார். அன்று சாயங்காலமே சின்னராசு போன் திரையில் மகளைப் பார்த்தார். தினமும் சாயங்காலம் பார்க்க ஏற்பாடு செய்தோம். மனைவியிடம் நான் பேசினேன். ஊர் முழுக்கக் காய்ச்சல், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது, ஊசி போட்டாயிற்று என்றார். அவர் சொன்னதை சின்னராசு பக்கத்திலிருந்து கேட்டார். ஒருநாள் யாழினி எழுந்து உட்கார்ந்து, "அப்பா, ஒரு வெரலு எங்க?" என்று கேட்டாள். "மெஷினு தின்னுருச்சு" என்றார். அவள் அதை நம்பாமல் எண்ணிப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம், சின்னராசும் சிரித்தார். மறுநாள் காலை அவரே வாக்குமூலம் கொடுக்கிறேன் என்று வந்து நின்றார். கேட்டுக்கு வெளியே போய்வரவும் பின்னால் அனுமதி வாங்கிக் கொடுத்தோம். கடைக்குப் போய் மகளுக்கு ஒரு குடை வாங்கி வந்தார். ஊரில் மழையே இல்லாத மாதத்தில் குடை.

இதில் உங்களுக்கு எது தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் கெட்டியாகச் சொல்லக்கூடியது இதுதான்: ஒருவர் போக மறுத்தால், சரி, விருப்பம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். எந்த இடத்தில் நிற்கிறார் என்று பாருங்கள். அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள். உங்களுக்கு நம்பிக்கை இல்லாத சாமியாக இருந்தாலும் அது அவர் கழுத்தைப் பிடித்திருக்கலாம். "பாவம் எனக்கு" என்று நீங்களும் சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். துவான் இதைப் படிப்பார். ஆனால் அன்று அந்த இடத்தில் எனக்கு வேறு வார்த்தை தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

கங்காணிக்குத் தண்டனை கிடைத்தது. அவரிடமிருந்த மற்ற ஆட்களும் வெளியே வந்தார்கள். முடிவு தெரியாமல் நீங்கள் தவிக்க வேண்டாம் என்று இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது சின்னராசு சாட்சிக் கூண்டில் ஏறிய காலையைப் பற்றி.

எதிரே கங்காணி நல்ல சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தார். கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் எழுந்து, உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி எடுக்கும்படி சின்னராசிடம் சொன்னார். சின்னராசு வாயைத் திறக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் திரும்பச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். இத்தனை மாத வேலை ஒரு வாக்கியத்தில் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு சத்தியம் என்று வரும் என நாங்கள் யாரும் அவரிடம் சொல்லி வைக்கவில்லை.

நீதிபதி என்ன பிரச்சினை என்று கேட்டார். சின்னராசு மெல்ல மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டார்: "இந்தச் சத்தியம் யாரு தலைமேலங்க?"

மொழிபெயர்ப்பாளருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கேட்டதை அப்படியே மலாயில் நீதிபதிக்குச் சொன்னார். நீதிபதி வழக்கின் தாள்களைப் படித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சின்னராசைப் பார்த்தே மலாயில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"உங்க தலைமேல மட்டுந்தான். வேற யாரு பேரும் இங்க சொல்ல வேண்டியதில்ல. உங்க புள்ளைக்கு இதுல சம்பந்தமே இல்ல."

"எம்மேல மட்டுமா?"

"உங்க மேல மட்டும்."

சின்னராசு ஒரு விரல் இல்லாத கையைக் கூண்டின் விளிம்பில் வைத்தார். கங்காணியை ஒருமுறை நேராகப் பார்த்தார்.

"அப்படின்னா சொல்றேங்க" என்றார். பிறகு ஒன்றுவிடாமல் சொன்னார்.